கண்மாய்க் கரையிலிருந்து செயற்கைக்கோள் வரை: பூமியின் காந்தப்புலத்தை அளப்பது எப்படி?

செயற்கைக்கோளில் காந்தப்புலத்தை அளப்பதில் பெரிய தலைவலி சென்சார் இல்லை. செயற்கைக்கோளின் சொந்தக் காந்தம்தான். உள்ளே ஓடும் மின்சாரம், இரும்பு பாகங்கள் எல்லாமே அளவைக் கெடுக்கும். அதனால்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை 2013-இல் ஏவிய ஸ்வார்ம் செயற்கைக்கோள்களில் காந்தமானிகளை 4 மீட்டர் நீளக் கையில் வைத்தார்கள். நம் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா-எல்1-இல் அந்தக் கை 6 மீட்டர். இதையே சின்ன அளவில் மதுரையில் செய்து பார்ப்போம்.

படி 1: பொருட்கள்
ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணு போர்டு), ஜிஒய்-271 காந்தமானி போர்டு, முக்கால் மீட்டர் பிவிசி பைப், நாலு ஒயர். போர்டில் ஹெச்எம்சி5883எல் சிப் என்று சொல்லி விற்பார்கள். உள்ளே பெரும்பாலும் க்யூஎம்சி5883எல் இருக்கும். இரண்டுக்கும் லைப்ரரி (சிப்பைப் படிக்கும் நிரல் தொகுப்பு) வேறு. ரீடிங்கே வரவில்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 2: கை
போர்டைப் பைப் நுனியில் கேபிள் டையால் கட்டுங்கள். இரும்பு ஸ்க்ரூ கூடாது. ஆர்டுயினோவும் லேப்டாப்பும் மறுமுனைப் பக்கம். ஒயரை இதைவிட நீட்டினால் சிக்னல் தடுமாறும்.

படி 3: இடம்
மொட்டைமாடி வேண்டாம், கான்கிரீட்டுக்குள் முழுக்கக் கம்பி. ஊருக்கு வெளியே ஏதாவது கண்மாய்க் கரைக்குப் போங்கள். பைக்கைத் தள்ளி நிறுத்தி, சாவி, வாட்ச், போனை அதிலேயே வைத்துவிடுங்கள்.

படி 4: அளவுத்திருத்தம்
இதில்தான் பொறுமை வேண்டும். பைப்பை எல்லாத் திசையிலும் மெதுவாகச் சுழற்றி, ஒவ்வொரு அச்சிலும் வரும் அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, எக்ஸ் அச்சில் மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) கணக்கில் 52-ம் −30-ம் வந்தால் நடுப்புள்ளி 11. அந்த 11 பூமியுடையது அல்ல, உங்கள் போர்டுடையது. ஒவ்வொரு ரீடிங்கிலும் கழித்துவிடுங்கள். வீச்சில் பாதி 41 மைக்ரோடெஸ்லா. மதுரையில் புலம் ஏறக்குறைய 40 என்பதால் இது நல்ல அறிகுறி.

மற்ற இரு அச்சுகளுக்கும் இப்படியே. அப்புறம் மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். பைப்பை எப்படித் திருப்பினாலும் அந்த மொத்தம் பெரிதாக மாறக் கூடாது. மாறினால் அளவுத்திருத்தம் சரியில்லை, அல்லது பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது. ஸ்வார்மில் இதற்கென்றே கை நுனியில் மொத்தப் புலத்தை மட்டும் துல்லியமாக அளக்கும் தனிக் காந்தமானி உண்டு. திசை அளக்கும் காந்தமானியை அதோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

படி 5: திசை
கொத்தனார் ரசமட்டம் ஒன்றை வைத்து போர்டைச் சமமாக்கி, எக்ஸ் அச்சை வடக்கே திருப்புங்கள். கிட்டத்தட்ட முழுப் புலமும் எக்ஸில் வந்துவிடும்; செங்குத்து அச்சில் சில மைக்ரோடெஸ்லாதான். காந்த நடுக்கோடு (புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) நமக்குச் சற்றுத் தெற்கே போகிறது, அதுதான் காரணம். 1963-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரம் அருகேயுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

படி 6: மேலே
பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் மும்மடிக்கு ஏற்பப் புலம் குறையும். உதாரணத்துக்கு, 460 கி.மீ. உயரத்துக்கு, பூமியின் ஆரமான 6371-ஐ, உயரத்தையும் சேர்த்த 6831-ஆல் வகுத்து, மும்மடி எடுத்தால் 0.81. நம் 40 அங்கே சுமார் 32 ஆகும். ஸ்வார்ம் தரவு இலவசம். மதுரைக்கு மேலே கடந்த நேரத்து அளவை எடுத்து ஒப்பிடுங்கள். அச்சு அசலாகப் பொருந்தாது, ஏனென்றால் பூமி அவ்வளவு ஒழுங்கான காந்தம் இல்லை.

நண்பகல் அளவுகளில் இன்னொரு விஷயம் உண்டு. நம் பகுதிக்கு மேலே சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதன் கீழே இருக்கும் நமக்குப் புலம் கூடும். மேலே பறக்கும் செயற்கைக்கோளுக்குக் குறையும். நம் மலிவு சென்சாருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஸ்வார்முக்குத் தெளிவாகத் தெரியும்.