நாய்க்குத் தீனி கொடுத்துப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எவ்வளவு தீனி கொடுக்கிறோம் என்பதைவிட எத்தனை முறைக்கு ஒன்று, எவ்வளவு நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுக்கிறோம் என்பதுதான் விலங்கின் பழக்கத்தைத் தீர்மானிக்கிறது. 1950-களில் அமெரிக்க உளவியலாளர்களான ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்து இதை விரிவாகப் பதிவுசெய்தார்கள். வீட்டு நாய்க்கும் அதே விதிதான்.

அதிகம் நடக்கும் தவறு, தீனியைச் சட்டென்று குறைப்பது. 'உட்கார்' என்பதைப் புதிதாகக் கற்கும் நாய்க்கு ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு போதும். ஆனால் உட்கார்ந்த ஓரிரு நொடிக்குள் கிடைக்க வேண்டும். தாமதித்தால், எழுந்து நிற்பதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். பத்துக்கு எட்டு முறையாவது சரியாக உட்கார்ந்த பிறகு சராசரியாக இரண்டுக்கு ஒன்று, அடுத்து மூன்றுக்கு ஒன்று, அப்புறம் ஐந்துக்கு ஒன்று எனக் குறைத்துக்கொண்டே போகலாம். ஒரேயடியாகப் பத்துக்கு ஒன்று எனத் தாவினால் நாய் தரையை முகர்ந்துகொண்டு விலகிப்போகும். அதைப் பிடிவாதம் என்று திட்டுவது அநியாயம். முந்தைய கணக்குக்குத் திரும்புங்கள்.

சரியாக ஐந்தாவது முறைதான் என்று வைத்துக்கொள்வதும் வேண்டாம். எண்ணிக்கை மாறாமல் இருந்தால் விலங்கு தின்றதும் சற்று நேரம் சும்மா இருக்கும்; எண்ணிக்கை கூடினால் அந்த ஓய்வும் நீளும். 2, 5, 1, 4, 3 முறைக்கு ஒன்று என மாற்றி மாற்றிக் கொடுத்தால் வேகம் சீராகும். நேரக் கணக்கிலும் இதே சிக்கல்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், நேரம் நெருங்கும்போதுதான் சுறுசுறுப்பு வரும்.

காரணமின்றிக் கொடுப்பதும் எதையோ பழக்கிவிடும். 1948-இல் ஸ்கின்னர் வெளியிட்ட சோதனையில், என்ன செய்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி பெற்ற எட்டுப் புறாக்களில் ஆறு, சுற்றுவது, தலையாட்டுவது போன்ற வேண்டாத செயல்களில் ஊறிப்போயின.

மிகவும் கெடுதலானது சாப்பாட்டு மேசைத் தவறு. பத்து முறை மறுத்துவிட்டு, குரைப்பு தாங்காமல் பதினொன்றாவது முறை ஒரு துண்டு போடுகிறோம். எப்போதாவது பலன் கிடைத்த பழக்கம்தான் எளிதில் அழியாது. கொடுப்பதை நிறுத்தியதும் குரைப்பு முதலில் கூடும். அந்த உச்சத்தில் இரங்கினால் உரக்கக் குரைப்பதையே பழக்கியதாகும். வீட்டில் தாத்தா, பாட்டி, குழந்தைகள் உட்பட யாருமே மேசையிலிருந்து கொடுக்கக் கூடாது. நாய் தன் பாயில் அமைதியாகப் படுத்திருக்கும்போது அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.