புட்டிப்பாலில் வளர்ந்த செம்மறிக் குட்டிகளை மேய்ச்சலுக்குப் பழக்குவது எப்படி?

தாயுடன் திரியும் குட்டி, மழை வந்தால் தாயின் மறைவில் ஒண்டிக்கொள்ளும். எந்தப் புல்லைக் கடிக்கலாம் என்பதையும் தாயைப் பார்த்தே பழகும். புட்டிப்பாலில் வளர்ந்த குட்டிக்கு இந்த இரண்டுமே இல்லை. ஆகவே இடத்தை மாற்றுவது, தீவனத்தை மாற்றுவது, பாலை நிறுத்துவது ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் அதன் மீது சுமத்தாமல், ஒன்று பழகிய பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

படி 1: குட்டி தயாரா?

வயதைவிட வயிற்றையே கவனிக்க வேண்டும். குட்டியின் வயிற்றில் பிறக்கும்போதே நான்கு அறைகள் இருந்தாலும், குடிக்கும் பால் முதல் அறையில் தங்காமல் நான்காம் அறைக்குச் சென்றுவிடுகிறது. புல்லைச் செரிக்க வேண்டிய முதல் அறையோ திடத்தீவனம் உள்ளே போகப் போகத்தான் வளர்கிறது. அதனால் முதல் வாரம் முடிந்ததிலிருந்தே நல்ல உலர்புல், குட்டிகளுக்கான அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு போன்றவை கலந்த சத்துத் தீவனம்), சுத்தமான தண்ணீர் ஆகியவை எப்போதும் அதன் முன் இருக்க வேண்டும். 3 அல்லது 4 வாரத்தில், உலர்புல்லைத் தின்று படுத்து அசைபோடும் குட்டியை, காற்றும் மழையும் இல்லாத நாளாகப் பார்த்து வெளியே பழக்கத் தொடங்கலாம்.

குடலில் நஞ்சு உருவாகித் திடீரென உயிரைப் பறிக்கும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடையே சில வாரங்கள் தேவைப்படும். சீம்பால் சரியாகக் கிடைக்காத குட்டிக்கு அதை இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கலாம்.

படி 2: நிலத்தைச் சரிபார்த்தல்

அண்மையில் செம்மறிகளோ வெள்ளாடுகளோ மேயாத நிலமே சிறந்தது, ஏனெனில் அவற்றின் சாணத்திலிருந்து வரும் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் புல்லின் அடிப்பகுதியில் காத்திருக்கும்; குட்டிக்கோ அவற்றை எதிர்க்கும் ஆற்றல் இன்னும் வந்திருக்காது. வேலியைச் சுற்றி ஒருமுறை குனிந்தபடியே நடந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கண்ணில் படாத இடைவெளிகள் குட்டியின் உயரத்தில்தான் இருக்கும். அரளி போன்ற நச்சுச் செடிகளை வெட்டி அங்கேயே போட்டுவிடாமல் அப்புறப்படுத்த வேண்டும், காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும். மாடுகளுக்கான தாது உப்புக்கட்டியைத் தொங்கவிடாதீர்கள்; அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு ஆகாது.

படி 3: முதல் பத்து நாட்கள்

முதல் நாள், காலைப் பாலும் உலர்புல்லும் வயிறு நிறையக் கொடுத்து, பனி உலர்ந்த பிறகு ஒரு மணி நேரம் மட்டும் வெளியே விடுங்கள். பசியோடு போகும் குட்டி இளம்புல்லை அளவின்றித் தின்றுவிடும், கழிச்சலும் வயிற்று உப்புசமும் அதிலிருந்தே தொடங்கும். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம் அடர்ந்த நிலமாயின் இன்னும் கவனம் தேவை. அதன் பிறகு மேயும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் அதிகரிக்கலாம்.

தொடக்கத்தில் குட்டி மேயாது; உங்கள் காலடியிலேயே நின்று கத்தும். நீங்கள் ஓரிடத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள்வதே நல்லது. உங்கள் கால் விரலைச் சப்பிப் பார்த்துச் சலித்த பின்னர்தான் அது புல்லின் பக்கம் திரும்பும். தனிக்குட்டியை அனுப்பாமல் குறைந்தது இரண்டு குட்டிகளையாவது சேர்த்து விடுங்கள். சாதுவான பெரிய ஆடு ஒன்று துணைக்கு இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். புட்டிப்பாலை மேய்ச்சல் நிலத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அங்கே கொடுத்தால், உங்கள் தலை தெரிந்தவுடன் மேய்ச்சலை விட்டு ஓடிவரும். கொட்டகை வாசலில் கொடுத்தால், மாலையில் தானாகவே வீடு திரும்பும்.

வறண்ட குளிரைக் குட்டி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் தாங்காது. எனவே மூன்று பக்கம் அடைத்த, கூரையுள்ள ஒரு மறைவு நிலத்திலேயே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் அதுவே நிழலாகும். குட்டியின் இயல்பான உடல் வெப்பம் 39 முதல் 40 டிகிரி செல்சியஸ். முதுகைக் கூனி, காதுகளைத் தொங்கவிட்டு நிற்கும் குட்டிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்து, 39-க்குக் கீழே இருந்தால் உடனே உள்ளே கொண்டுவந்து துடைத்து உலர்த்துங்கள்.

படி 4: பாலை நிறுத்துதல்

மேய்ச்சல் பழகி, 6 வாரம் கடந்து, பிறப்பு எடையைப் போல் மூன்று மடங்கு ஆகி, நாளொன்றுக்குச் சுமார் 250 கிராம் அடர்தீவனத்தைத் தொடர்ந்து மூன்று நாட்கள் தின்ற குட்டிக்குப் பாலை நிறுத்தலாம். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அடர்தீவனம் தொடர வேண்டும்.

படி 5: அன்றாடக் கண்காணிப்பு

வால்பகுதி அழுக்காக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். 4 முதல் 8 வார வயதில், அலைக்கழிப்புக்குப் பின் வரும் கழிச்சல், இரத்தக்கழிச்சல் நோயாக இருக்கக்கூடும். கீழ் இமையின் உட்புறம் சிவப்பு மங்கி வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவைச் சந்தேகித்து, சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகே மருந்தைத் தேர்ந்தெடுங்கள். இடது விலாப்புறம் உப்பி நின்றால் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரவிலும் வெளியே விடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. பால் மறந்து, மறைவிடத்தைத் தானே தேடிச் செல்லப் பழகிய பிறகு, நாய்களும் நரிகளும் நுழைய முடியாத வேலி இருந்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள். இல்லையேல் மாலையில் பட்டியில் அடைப்பதையே தொடருங்கள்.