பழைய விமான இன்ஜின் டிஸ்க்கைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் முறை

விமானத்திலிருந்து கழற்றிய இன்ஜின் பாகம் சிங்கப்பூரின் சிலேத்தாரிலோ லோயாங்கிலோ உள்ள பழுதுபார்ப்புக் கூடத்துக்கு வந்ததும் பூதக்கண்ணாடியை எடுக்கத் தோன்றும். அதற்கு முன் அதன் ஆவணக் கோப்பைத் திறக்க வேண்டும். பாகத்தில் பொறித்திருக்கும் வரிசை எண், ஆவணத்தில் உள்ளதோடு ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்த வேண்டும். டிஸ்க் (இன்ஜின் தகடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டு), ஷாஃப்ட் (சுழல் தண்டு) போன்ற ஆயுள் வரம்புள்ள பாகமானால், தயாரான நாள் முதல் எந்த இன்ஜினில் எத்தனை சைக்கிள் (ஒருமுறை பறந்து இறங்குவது ஒரு சைக்கிள்) ஓடியது என்ற வரலாறு இடைவெளியின்றி இருக்க வேண்டும். இடையில் சில மாதங்கள் விடுபட்டிருந்தாலும், பாகம் எவ்வளவு பளபளத்தாலும், அதைத் தனியே பூட்டி வையுங்கள். பயணிகள் விமானங்களில் பரவலாக உள்ள சிஎஃப்எம்56 வகை இன்ஜின்களுக்குப் போலிச் சான்றிதழ்களுடன் பாகங்கள் விற்கப்பட்டது 2023இல் வெளிவந்த பிறகு, சான்றிதழில் பெயருள்ள நிறுவனத்தையே நேரில் கேட்டு உறுதிசெய்வது அவசியம் என்றே கருதுகிறேன்.

அடுத்து, பாகத்தை நன்கு சுத்தம் செய்யுங்கள்; எண்ணெயும் கரியும் விரிசலின் வாயை அடைத்திருந்தால் விரிசலுக்குள் ஊடுருவி அதைக் காட்டிக்கொடுக்கும் ஒளிரும் பெனட்ரன்ட் திரவம் உள்ளே இறங்காது. திரவத்தைப் பூசி, கையேடு சொல்லும் நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பில் இருப்பதை மட்டும் கழுவி, உலர்த்தி, உள்ளே இறங்கிய திரவத்தை வெளியே இழுக்கும் டெவலப்பர் தூள் தூவிய பிறகு இருட்டறைக்குள் செல்லுங்கள். கண் இருளுக்குப் பழக ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்; வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் மூக்குக்கண்ணாடி கூடாது. புற ஊதா விளக்கின் கீழ் விரிசல் மெல்லிய மஞ்சள்-பச்சைக் கோடாகத் தெரியும். துணியிழையும் அப்படித்தான் ஒளிரும். கரைப்பானில் தோய்த்த தூரிகையால் ஒருமுறை துடைத்து, மீண்டும் டெவலப்பர் தூவிப் பாருங்கள்: விரிசலானால் கோடு மெல்லக் கசிந்து திரும்பி வரும், இழையானால் வராது.

டிஸ்க்கின் நடுத்துளையையும் போல்ட் துளைகளையும் அவசரமின்றிப் பாருங்கள். தொங்கவிட்ட பாகத்தில் கயிறு மறைக்கும் இடத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் 112 பேர் உயிரிழந்த விபத்துக்குக் காரணமான விசிறி டிஸ்க்கின் விரிசல், அதன் நடுத்துளையில்தான் தொடங்கியது. 760 பறப்புகளுக்கு முன் நடந்த பெனட்ரன்ட் பரிசோதனையில் அது கண்ணுக்குத் தப்பியது. ஐயம் இருந்தால், சுழல் மின்னோட்டத்தால் விரிசலைக் கண்டறியும் எடி கரன்ட் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் எஸ்ஏஆர்-145 (பராமரிப்பு நிறுவனங்களுக்கான விதிமுறை) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், அதற்கென அதிகாரம் பெற்றவர் மட்டுமே, பாகத்தை மீண்டும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் விடுவிப்புச் சான்றிதழில் கையொப்பமிடலாம். எந்தக் கையேட்டின் எந்தத் திருத்தப் பதிப்பின்படி பணி நடந்தது, எந்த விமானப் பாதுகாப்பு உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டன என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். தேறாத டிஸ்க்கை, உரிமையாளரின் ஒப்புதலுடன், வரிசை எண்ணைப் பதிவுசெய்துகொண்டு, இனி எவரும் பொருத்த முடியாதபடி அறுத்துவிட வேண்டும்.