அழுகிய மாம்பழத்தில் காட்டு நூற்புழுக்கள்: சேகரித்து ஒப்பிடும் முறை

தருமபுரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நூறு கிலோமீட்டருக்குள் அமைந்த இந்த ஏற்றமும் அதனோடு குறையும் வெப்பமும், அழுகிய பழங்களில் வாழும் சீனோராப்டைட்டிஸ் என்ற பேரினத்து நுண்ணிய நூற்புழுக்கள் தத்தம் இடத்துக்கேற்பத் தகவமைந்துள்ளனவா என்று ஆராய விரும்பும் மாணவருக்கு அரிய வாய்ப்பாகும். இப்பேரினத்தில் ஆய்வகங்களில் பெரிதும் வளர்க்கப்படும் சி. எலிகன்ஸ் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே காளான் எருவிலிருந்து எடுக்கப்பட்டு, உயிரியலாளர் சிட்னி பிரென்னரின் 1974ஆம் ஆண்டு ஆய்வின் வழியே உலகெங்கும் பரவிய என்2 என்ற ஒரே வகையிலிருந்து வந்தது. ஆகவே நம் தோப்புகளில் கிடைக்கும் ஒவ்வொரு புதிய வகையும் மதிப்புள்ளது.

ஆனி மாதத்தில், பெங்களூரா மாம்பழங்கள் விழுந்து கருத்துக் குழையும் நேரத்தில் சேகரிப்பைத் தொடங்குங்கள். பாலக்கோடு, காவேரிப்பட்டணம், தளி என உயரம் மாறும் இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் பல மரங்களின் அடியிலிருந்து பழங்களை எடுங்கள். அழுகிய வாழைத்தண்டும் பயன்படும். வெப்பமானியைப் பழத்துக்குள்ளேயே செருகி அளவெடுத்து, இடம், உயரம், நாள், நிழல் ஆகியவற்றோடு பையின் மேலேயே எழுதிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் சேகரிக்க வனத்துறையின் அனுமதி தேவை.

ஆய்வகத்தில் பழச்சதையைச் சிறிதளவு எடுத்து, நடுவில், புழுக்களுக்கு உணவாகும் ஓபி50 என்ற ஈ. கோலை பாக்டீரியா வளர்ந்த அகார் தட்டின் விளிம்பில் வைத்து, சில துளி நீர் விடுங்கள். ஓரிரு மணி நேரத்திலேயே புழுக்கள் உணவை நோக்கி ஊர்ந்து வருவதை நுண்ணோக்கியில் காணலாம். தொண்டைப் பகுதியில் இரண்டு குமிழ்கள் தெரிந்து, பின்குமிழில் அரைவைத் தகடு அசைந்துகொண்டிருந்தால், அப்புழுவைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த அடையாளம் உறவினப் புழுக்களிலும் உண்டு என்பதால், இனத்தை ஐடிஎஸ்2 என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசையைப் படித்தே உறுதிசெய்ய வேண்டும். முதிர்வதற்கு முந்தைய நான்காம் பருவப் புழு ஒன்றைப் பிளாட்டினம் கம்பியால் எடுத்துத் தனித் தட்டில் விடுங்கள். துணையின்றியே அது குஞ்சு பொரிக்குமானால் அது தன்னைத் தானே கருவுறச் செய்யும் இருபாலியாகும். நம் வெப்பத்தில் அது சி. எலிகன்ஸைவிட அதன் உறவினமான சி. பிரிக்ஸேயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சி. பிரிக்ஸேயின் பெயர்பெற்ற ஏஎப்16 வகையே அகமதாபாத்தில் கிடைத்ததுதான்.

இங்கே ஒரு பிழையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் முதலாண்டில் அதைத்தான் செய்தேன். ஒரே பழத்திலிருந்து இருபது புழுக்களை எடுத்து இருபது தனி வழிகளாக, அதாவது தனித்தனித் தாயிலிருந்து தொடரும் பரம்பரைகளாகக் கணக்கிட்டேன். ஆனால் ஒரு பழத்தில் குடியேறுபவை பெரும்பாலும் டவர் எனப்படும் தாங்குநிலை இளம்புழுக்கள் ஒரு சிலவே. தற்கருவுறுதலால் ஒரு புழுவே ஏறத்தாழ 300 முட்டைகள் வரை இடக்கூடும் என்பதால், அந்த இருபதும் ஒரே தாயின் வாரிசுகளாக இருக்கலாம். எனவே ஒரு பழத்துக்கு ஒரு வழி என்பதையே விதியாகக் கொள்ளுங்கள். மரபியல் வேற்றுமையை அளப்பதற்குப் புழுக்களின் எண்ணிக்கையைவிடப் பழங்களின் எண்ணிக்கையும், அதைவிட இடங்களின் எண்ணிக்கையும் முக்கியம்.

புதிய வகைகள் பாக்டீரியாப் படலத்தின் விளிம்பில் திரளாகக் குவிந்தால் அதை நோயென்று எண்ணிவிடாதீர்கள். காட்டு வகைகளில் பலவற்றின் இயல்பு அது. என்2 தனித்துண்பதற்கு, ஆய்வக வாழ்க்கையில் தோன்றிய என்பிஆர்-1 மரபணு மாற்றமே காரணம்.

தகவமைப்பைச் சோதிக்கும் முன் எல்லா வழிகளையும் ஒரே வெப்பத்தில் இரண்டு மூன்று தலைமுறைகள் வளர்த்தாக வேண்டும். இல்லையெனில் தாய் பட்ட வெப்பத்தின் தாக்கத்தை மரபு என்று தவறாக எழுத நேரும். பிறகு 20, 27 பாகை செல்சியஸ் ஆகிய இரு வெப்பநிலைகளிலும் ஒவ்வொரு வழியின் குஞ்சுகளையும் எண்ணுங்கள். இடத்துக்கேற்ற தகவமைப்பு இருந்தால், தாழ்வான இடத்து வழிகள் சூட்டிலும், உயரமான தளி வழிகள் குளிர்ச்சியிலும் மற்றதை விஞ்ச வேண்டும். இரு வெப்பங்களிலும் ஒரே வழி முந்தினால் அது பொதுவான வலிமையே, இடத்துக்கேற்ற தகவமைப்பு ஆகாது.

எண்ணத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு வழியிலும் பட்டினி கிடந்த முதற்பருவக் குஞ்சுகளைக் கிளிசரால் கரைசலில் கலந்து, மெல்லக் குளிர்வித்து, மைனஸ் 80 பாகையில் சேமித்துவிடுங்கள். தட்டில் தலைமுறைகள் கூடக்கூடப் புழு ஆய்வகத்துக்கே தகவமையத் தொடங்கிவிடும். உறைந்த குப்பியில்தான் தோப்பிலிருந்து வந்த புழு மாறாமல் இருக்கும்.