படத்துக்குக் குறிப்பு எழுதுவது எப்படி: வேலூர் வட்டார இளம் ஒளிப்படக்காரர்களுக்கு

கல்லூரி ஒளிப்படக் கண்காட்சிகளில் படத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனால், அவற்றில் பலவும் ஒற்றைச் சொல்லில் வந்து நின்றுவிடுவதைக் காணலாம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணின் படத்துக்கு ‘உழைப்பு’ என்று எழுதியிருக்கும். பொய்கை மாட்டுச் சந்தையில் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் பெரியவரின் படத்துக்கும் ‘உழைப்பு’. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடிந்து வேனுக்குக் காத்திருக்கும் பெண்களின் படத்துக்கும் அதே ‘உழைப்பு’. மூன்றையும் இடம் மாற்றி ஒட்டினால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. வேறொரு படத்துக்கு அடியிலும் பொருந்திப்போகிற குறிப்பு உங்கள் படத்தைப் பற்றியது அல்ல என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. நீங்கள் எங்கே நின்றீர்கள், எதைச் சட்டகத்துக்குள் விட்டீர்கள், எதை வெளியே தள்ளினீர்கள், யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பவற்றில்தான் படத்தின் பொருள் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து எழுதும் முறையை இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு பிரிண்ட்

படத்தைப் போனில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். திரையில் நமக்குப் பிடித்த முகத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுவோம். நாலுக்கு ஆறு அளவில் ஒரு சாதாரண பிரிண்ட் போட்டு, மேசையில் வைத்து, ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கிப் பாருங்கள். ஊர், நேரம், அந்த மனிதர் பேசியது ஆகியவற்றை எடுத்த அன்றே நோட்டில் குறித்துவிட வேண்டும். ஆனால் படத்தைப் பற்றிய குறிப்பை ஒரு வாரம் கழித்து எழுதுவதே நல்லது. வெயிலில் அலைந்த அலுப்பும், அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்த பரபரப்பும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதாக முதல் நாள் நமக்குத் தோன்றும். பார்ப்பவருக்கு அவற்றில் ஒன்றுமே தெரியாது.

பிறகு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும், ‘அழகான’, ‘சோகமான’ போன்ற அடைமொழி எதுவும் இல்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள். பீடி சுற்றும் பெண்ணின் படத்தையே எடுத்துக்கொள்வோம். மடியில் முறம். முறத்தின் ஒரு பக்கம் தூள், மறுபக்கம் வெட்டிய இலை. காய்ந்து நொறுங்காமல் இருப்பதற்காக ஈரத்துணியில் சுற்றிவைத்த இலைக்கட்டு பக்கத்தில் கிடக்கிறது. கத்தரிக்கோல், இலையை அளவு பார்த்து வெட்டுவதற்கான தகடு, நூல்கண்டு. சுற்றிய பீடியின் வாயை நகத்தால் மடக்கிக்கொண்டிருக்கும் விரல். படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட நிலையில், ஒரு பள்ளிக்கூட நோட்டும் ஒரு சின்னக் கையும்.

இப்படி எழுதும்போதுதான் அந்தச் சின்னக் கை கண்ணில் படுகிறது. அது வீட்டுப்பாடம் எழுதுகிறதா, அம்மா சுற்றிப்போட்ட பீடிக்கு நூல் கட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு படங்கள். எது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அந்தத் தெருவுக்குத் திரும்பப் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. போகும்போது இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாருங்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் சரியில்லை என்று கழித்துவிடும் பீடிக்கு என்ன கிடைக்கிறது? கொடுத்த இலை போதாமல் போனால் கைக்காசு போட்டு வாங்க வேண்டியிருக்கிறதா? விரல் நகத்தின் அவசரத்துக்கு அந்தப் பதில்களில் காரணம் இருக்கும். ‘உழைப்பு’ என்ற சொல்லால் இதைத் தொடக்கூட முடியாது.

நின்ற இடமும் லென்ஸும்

அடுத்து, நீங்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் நின்றீர்கள் என்று எழுதுங்கள். இது ஒரு சடங்கல்ல. போனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்கு நிகரான அகலக் கோணம் கொண்டது. ஓர் அடி இரண்டடி தூரத்தில் குனிந்து எடுத்தால் முன்னால் இருக்கும் கை பூதாகரமாகவும், பின்னால் இருக்கும் முகம் சிறுத்தும் விழும். அந்தப் பெரிய கையைப் பார்த்து ‘காலமெல்லாம் உழைத்துக் காய்த்த கை’ என்று எழுதத் தோன்றும். அதைப் பெரிதாக்கியது உங்கள் லென்ஸ். அதே போல, நின்றுகொண்டு கீழே உட்கார்ந்திருப்பவரை எடுத்த படத்தில் அவர் சிறுத்துப் பணிந்து தெரிவார். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எடுத்திருந்தால் உங்களை நேராகப் பார்த்திருப்பார். ‘பரிதாபம்’ என்று நீங்கள் எழுத நினைப்பது அவர் வாழ்க்கையில் இருக்கிறதா, கேமரா பிடித்த உயரத்தில் இருக்கிறதா என்று இந்த இடத்தில் தெளிவாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் விஷயம் என்றிருக்கும் படங்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்குப் போய் வரும் மாணவர்கள் மாட்டின் கொம்பையும் கிளம்பும் புழுதியையும் நிறைய எடுத்து வருகிறார்கள். மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் ஒன்று உண்டு. சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. அந்தக் காட்சி அமைந்தால், படத்தில் இருப்பது ஒரு துண்டும் சலனம் காட்டாத இரண்டு முகங்களும் மட்டுமே. குறிப்பு அந்தத் துண்டைப் பற்றிப் பேச வேண்டும்: உள்ளே விலை ஓடுகிறது, வெளியே நிற்கும் உங்களுக்கும் அது மறைக்கப்பட்டிருக்கிறது. பேரம் முடிந்த பிறகு தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், அதை எழுதலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

வெளியே விட்டதை எழுதுதல்

பாலாற்றுப் படங்களுக்கு ‘செத்த ஆறு’ என்ற தலைப்பு நிரந்தரமாகிவிட்டது. மணல் வெளியும் தூரத்துப் பாலமும் உள்ள படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக் கரையோரத்தாரைக் கலங்கடித்தது. ஆண்டின் பெரும்பகுதி மேலே காய்ந்தும் மணலுக்கு அடியில் நீரோட்டத்தோடும் கிடப்பது இந்த ஆற்றின் இயல்பு. ஆகவே மாதமும் ஆண்டும் இல்லாத பாலாற்றுப் படத்துக்கு மதிப்பில்லை என்றே சொல்வேன். தோல் தொழிற்சாலைக் கழிவுகளைப் பற்றி எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: உப்பேறிய கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். பாலாற்றில் கலந்த கழிவுகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. தெளிந்த தண்ணீர் உள்ள கிணற்றின் படத்தால் இதை ஒருபோதும் காட்ட முடியாது, குறிப்பால் முடியும். அந்த நீரை வீட்டார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எதற்குப் பயன்படுத்துவதில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தோல் என்றதும் கறுப்பு வெள்ளை நினைவுக்கு வருகிறது. ‘ஆழம்’ வேண்டும் என்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறார்கள். குரோம் பதனிட்ட ஈரத்தோல் வெளிர் நீலமாக இருக்கும். தொழிலில் அதற்கு வெட் ப்ளூ என்றே பெயர். ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ எடுத்த அந்த நீல அடுக்கைச் சாம்பல் நிறமாக்கினால், அது என்ன வேலை, என்ன ரசாயனம், எந்தக் கட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தை அழித்தாயிற்று. நிறத்தை எடுத்தால் ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் நிறத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கோட்டை

அகழியில் தலைகீழாகத் தெரியும் மதிலை எடுக்காதவர் வேலூரில் இல்லை. எடுங்கள், அதில் தவறில்லை. ‘வரலாற்றின் சாட்சி’ என்று மட்டும் எழுதாதீர்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது இதே கோட்டைக்குள்தான். அதை எழுத வேண்டுமானால் உங்கள் படத்தில் இருக்கும் எந்தக் கல், எந்த வாசல் அதோடு தொடர்புடையது என்று தெரிந்திருக்க வேண்டும். கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைக் கண்டு ‘மத நல்லிணக்கம்’ என்று எழுதுவோர், அவற்றில் எங்கே இன்று வழிபாடு நடக்கிறது, எங்கே நடப்பதில்லை என்று விசாரித்துவிட்டு எழுதட்டும்.

கோட்டையில் எனக்குப் பிடித்த வழி, மனிதர்களின் வயதைக் கேட்பது. நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல்தான் லிங்கம் மீண்டும் கொண்டுவந்து வைக்கப்பட்டு வழிபாடு தொடங்கியது. கல்யாண மண்டபத்துத் தூண் அருகே உட்கார்ந்திருக்கும் அறுபது வயது தாண்டிய உள்ளூர்க்காரர், சாமி இல்லாத கோயிலாக அதைச் சிறுவயதில் பார்த்தவராக இருக்கலாம். அவர் வாயால் ஒரு வாக்கியம் கிடைத்தால், யாளிச் சிற்பத்துக்கு முன்னால் எடுத்த சாதாரணப் படமும் வேறாகிவிடும்.

யாருடைய முகம்

கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றிய காந்தி ரோடு பகுதியில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளையும் வங்க மொழிப் பெயர்ப்பலகைகளையும் எடுக்க இளைஞர்களுக்கு ஆசை. நல்ல களம்தான். ஆனால் நோயாளியின் கையில் இருக்கும் ஸ்கேன் உறையில் அவர் பெயரும் மருத்துவமனை எண்ணும் தெளிவாக அச்சாகியிருக்கும். பெரிதாக்கினால் யாரும் படிக்கலாம். பிரிண்டின் ஓரங்களைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முகத்துக்கு அனுமதி வாங்கினேன் என்பது உறைக்கு அனுமதி ஆகாது. மொழி தெரியாமல் தலையாட்டியதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. லாட்ஜ்காரர்களில் வங்காளம் பேசத் தெரிந்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, படம் எங்கே காட்டப்படும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

1876–78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். எலும்பு தெரியும் உடல்களை வரிசையாக உட்காரவைத்தும் படுக்கவைத்தும் எடுத்தவை. பஞ்சத்தின் கொடுமைக்கு அவை சான்று. ஆனால் அவற்றில் இருப்பவர் யார், எந்த ஊர், படத்துக்குப் பிறகு என்ன ஆனார் என்ற எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. வேலூர் அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் அந்தப் பஞ்சத்தில் அடிபட்டதால், அவர்களில் நம் ஊர்க்காரர் எவரேனும் இருந்தாரா என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த ஒருவரிக் குறிப்பை எழுதியிருக்கக்கூடிய ஒரே ஆள், கேமராவுக்குப் பின்னால் நின்றவர்.

வெளியாள் எடுப்பதில் இந்தக் குறை என்றால், உள்ளாள் எடுப்பதில் வேறொரு குறை உண்டு. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படம்பிடித்துவரும் எம். பழனிகுமார், அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே ஒளிப்படம் கற்றுத்தருவது பலருக்கும் தெரியும். அப்படித் தன் வீட்டையே எடுக்கும் ஒருவருக்கு எல்லாம் பழக்கமாகிப்போயிருக்கும். அம்மா ஏன் வாசல் பக்கம் உட்கார்ந்து சுற்றுகிறாள் என்பதை எழுதவே தோன்றாது; வெளிச்சத்துக்காகவா, தூள் நெடிக்காகவா, அக்கம்பக்கத்துப் பேச்சுக்காகவா? எனவே பீடித் தெருவில் வளர்ந்தவர் தன் பிரிண்டை ஆற்காட்டு நண்பரிடம் கொடுத்து, அவர் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும்.

எழுதும் அளவு

ஐந்தாறு வாக்கியம் போதும். ஊர்ப் பெயரைச் சரியாக எழுதுங்கள். 2019 பிரிவினைக்குப் பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன, நாம் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் ‘வேலூர் மாவட்டம்’ என்கிறோம். ஒரு மாதிரி:

‘குடியாத்தம், மாலை நான்கு மணி. தரையில், அவருக்கு எதிரே உட்கார்ந்து எடுத்தது. விளக்கு போடுவதற்குள் இன்னும் எட்டுக் கட்டு முடிக்க வேண்டும் என்றார். ஒரு கட்டுக்கு 25 பீடி. இடது ஓரத்தில் இருப்பது அவருடைய மகளின் கை. அவள் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மகளின் முகம் வேண்டாம் என்று அம்மா சொன்னதால் அவள் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறாள்.’

இதில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் ஓரத்தில் வெட்டுப்பட்ட அந்தக் கை கவனக்குறைவாகத் தெரியும். அது இருப்பதால் ஒரு தாயின் முடிவாகத் தெரிகிறது.

கண்காட்சிக்குக் கொடுப்பதற்கு முன் குறிப்பைப் படத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டுங்கள். ‘அப்படிச் சொல்லலையேம்மா’ என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொல்வதை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். அவருக்கும் ஒரு பிரிண்ட் கொடுங்கள். பிரிண்டின் பின்புறம் தேதியை எழுதும்போது பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும். பளபளப்புத் தாளில் சாதாரணப் பென்சில் பிடிக்காது என்பதால், கடையில் கேட்டு மென்மையான மெழுகுப் பென்சில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.