லேத்துக்குப் பின்னால் உளியை மாட்டாதீர்கள்

சுவரில் ஒரு பலகை அடித்து, உளிகளை உயரவாரியாக மாட்டி, அதற்கு முன்னால், கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரமான லேத்தை நிறுத்திப் படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். மரக்கடைசல் பழகும் பலரும் முதலில் செய்வது இதுதான். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சர்வீஸ் யார்டில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடைத்த ஒன்றரை மீட்டர் இடத்தில் என் சின்ன லேத்தை வைத்தபோது நானும் அதைத்தான் செய்தேன். இருந்ததே ஒரு சுவர், வேறெங்கே மாட்டுவது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கடைசலைப் பார்க்க வந்திருந்தார். கிண்ணம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதன் மேலாகக் கையை நீட்டிச் சுவரிலிருந்து ஸ்க்ரேப்பரை (சுரண்டும் உளியை) எடுத்தேன். “அண்ணே, ஓடுற மெஷினுக்கு மேலயா கையைக் கொண்டுபோவீங்க? எங்க யார்டா இருந்தா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதுவரை எத்தனை நூறு தடவை அப்படி நீட்டியிருப்பேன் என்று கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

வேறொரு கணக்கைப் பார்க்கலாம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் ஊரில் பெரும்பாலான சாலைகளில் கார்களுக்கு வேக வரம்பே 50தான். அந்த வேகத்தில் ஓடும் ஒன்றுக்கு மேலே சட்டைக் கையும் கடிகாரமும் தொங்க நாம் எட்டிப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தின் பச்சைக் கட்டையை ஒருமுறை கடைந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் சுவரிலும் கூரையிலும் ஒரே நேர்கோடாக ஈரச்சாறு தெறித்திருந்தது, யாரோ நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல. கட்டை சுழலும் தளம் அதுதான். கட்டை விரிசல்விட்டு உடைந்தால் துண்டுகள் பறக்கப்போவதும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். என் உளிப் பலகையின் நடுப்பகுதி சரியாக அந்தக் கோட்டில் இருந்தது. உளி எடுக்கப் போகும்போதெல்லாம் என் தலையும் அங்கேதான் போகும். போதாக்குறைக்கு, சாறு பட்ட உளிகளில் மறுநாள் கருநீலக் கறை. மரத்தில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈர இரும்பில் பட்டால் அப்படித்தான் ஆகும்.

அப்படியானால் எங்கே வைப்பது? லேத்தின் முன் நின்றால் மோட்டாரும் கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கும் இடப்பக்கம், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் வலப்பக்கம். டெயில்ஸ்டாக்கையும் தாண்டி வலது முனையில், இடுப்பு உயரத்தில் உளித்தாங்கி இருந்தால் கை சுழலும் பொருளின் பக்கமே போகாது. இடம் இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால், ஒரு அடி திரும்பினால் எட்டுகிற தூரத்தில் தள்ளுவண்டி. என்னுடையது சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில், 2017இல் அது மூடப்படுவதற்கு முன் வாங்கிய தகர வண்டி. சக்கரத்துக்குப் பூட்டு இருக்க வேண்டும். என் வண்டியில் இல்லை, ஆப்பு வைத்துத்தான் நிறுத்துகிறேன்.

வலது முனையில் வைப்பவர்கள் மறப்பது டெயில்ஸ்டாக்கின் கூர்முனையை. கிண்ணத்தின் உட்பக்கத்தைக் குடையும்போது டெயில்ஸ்டாக் தேவையில்லை, ஆனால் அது அங்கேயே நின்றால் அதன் சென்டர் என்னும் அந்தக் கூர்முனை முழங்கையைக் குத்தும். கழற்றி வைக்கலாமென்றால் ஐந்தாறு கிலோ இரும்பை எங்கே வைப்பது? அதற்கென்று ஒரு தட்டை முதலிலேயே ஒதுக்காதவர்கள் சோம்பேறித்தனப்பட்டுக் கழற்றாமலே வேலை செய்வார்கள். என் முழங்கையில் இரண்டு புள்ளித் தழும்புகள் இருக்கின்றன.

அடுத்த தவறு உளியை லேத்தின் மேலேயே வைப்பது. “ஒரு நிமிஷம்தானே” என்று இரண்டு தண்டவாளங்களுக்கு மேல் படுக்கப்போடுவோம். மோட்டார் அதிர்வில் அது நகர்ந்துகொண்டே போகும். வட்டத் தண்டுள்ள உளியென்றால் கேட்கவே வேண்டாம். சாய்வான முனையுள்ள என் ஸ்க்யூ உளி அப்படி உருண்டு, தரை ஓட்டில் கூர்முனை படும்படி விழுந்தது. ஓட்டில் விரிசல், உளியின் மூக்கு காலி, சாணையில் பத்து நிமிடம். நம் வீடுகளில் வெறுங்காலோடு நிற்கும் பழக்கம் வேறு. பெருவிரலுக்கும் உளிக்கும் நாலு விரற்கடை இடைவெளிதான் இருந்தது. இப்போது உள்ளேயே அணிய ஒரு ஜோடி ஷூ வைத்திருக்கிறேன்.

தாங்கியின் வடிவம்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிவிசி குழாய்களை வெட்டி நிறுத்தி அதில் உளிகளைச் செருகுவது மலிவான வழி. ஆனால் குழாயின் அடியை மூடிவிட்டால் ஒரே வாரத்தில் மரச்சீவல் நிறைந்து, உளி பாதிதான் உள்ளே போகும். நிறைந்த சீவல் ஈரத்தையும் பிடித்துவைக்கும். அடியைத் திறந்தே விடுங்கள். பலகையில் வட்ட ஓட்டை போடுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. முப்பது சென்டிமீட்டர் இரும்பையும் மேலே இழுத்தால்தான் உளி வெளியே வரும், கூரையில் துணிக்கம்பு இடிக்கும். ஓட்டைக்குப் பதிலாக, முன்பக்கம் திறந்த ‘ப’ வடிவ வெட்டு போட்டேன். பிடியின் பித்தளை வளையம் பலகையில் உட்கார, இரும்பு கீழே தொங்கும். விரற்கடை அளவு தூக்கி முன்னால் இழுத்தால் கைக்கு வந்துவிடும். வெட்டின் பின்பகுதி இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், யாராவது இடித்தாலும் உளி முன்னால் நழுவாது.

கூர் மேலே இருக்க வேண்டுமா, கீழேயா என்பதில் கடைசல்காரர்கள் சண்டையே போடுவார்கள். மேலே இருந்தால் எது எந்த உளி என்று பார்த்ததும் தெரியும். ஆனால் பத்துக் கூர்முனைகளுக்கு மேலே கை போய்வர வேண்டும், பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு வேறு. நான் கீழ்நோக்கித்தான் வைக்கிறேன், முன்னால் ஒரு பிளைவுட் தடுப்போடு. இதில் ஒரு சிக்கல், மேலே தெரிவது பிடிகள் மட்டும், அவை எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தப்பான உளியை எடுப்பது சின்ன விஷயமில்லை. கட்டில் கால் போன்ற நீளவேலைக்கான ரஃபிங் கவுஜ் என்னும் அகல உளி பார்க்கப் பலசாலி, ஆனால் பிடிக்குள் நுழையும் அதன் வால் மெலிந்தது. கிண்ணத்தில் வைத்தால் அந்த இடத்தில் முறிந்துவிடும். அதனால் நீளவேலை உளிகள் ஒரு பக்கம், கிண்ண உளிகள் மறுபக்கம், நடுவில் இடைவெளி. பிடிகளையும் நானே கடைந்துவிட்டேன். கிண்ண உளிக்கு சுங்கை காடுட்டில் கிடைத்த செங்கால் என்னும் வன்மரத் துண்டு, மற்றதற்குத் தேக்கு. இருட்டில் தொட்டாலும் தெரியும்.

காந்தப் பட்டையைப் பற்றி இரண்டே வரி. வட்டத் தண்டு அதில் ஒரு கோட்டில்தான் ஒட்டும், கனமான உளி அதிர்வில் வழுக்கும். சாணைக்குப் பக்கத்தில் இருந்தால் இரும்புத்தூள் எல்லாம் தாடி மாதிரி வளரும். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் சாவிக்கு மட்டும் காந்தம் நல்லது. சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுபவர்களுக்கு, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் இருந்தால், அந்த இடம் காலியாக இருப்பதே எச்சரிக்கை.

இனி நம் ஊருக்கே உரிய பகை: துரு. வறண்ட குளிர் நாடுகளில் இருப்பவர்கள் சொல்லும் யோசனை இங்கே பாதி பலிக்காது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத மதியத்தில் 60 வாக்கில் இறங்கும். “என் உளி ஹைஸ்பீடு ஸ்டீல், துருப்பிடிக்காது” என்று சிலர் நினைக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் எம்2 வகையில் குரோமியம் சுமார் 4 சதவீதம்தான். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லக் குறைந்தது பத்தரை சதவீதம் வேண்டும்.

நான் செய்த பெரிய தவறு, உளிகளைப் பத்திரமாகப் பூட்டிவைத்தது. மூடிபோட்ட பெட்டி, உள்ளே ஒவ்வோர் உளிக்கும் அளவெடுத்து வெட்டிய ஸ்பாஞ்ச். நகைப்பெட்டி மாதிரி இருந்தது. டிசம்பர் மழையில் மூன்று வாரம் திறக்காமல் விட்டேன். ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி, இரும்போடு ஒட்டவைத்துக் காத்திருந்தது. திறந்தபோது ஒவ்வோர் உளியிலும் ஸ்பாஞ்ச் தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பு. தொடாத இடம் பளபளவென்று இருந்ததுதான் கொடுமை. காற்றோட்டமாகத் தொங்கும் உளி, ஈரம் பிடிக்கும் பெட்டியில் தூங்கும் உளியைவிட நன்றாக இருக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மெழுகு பூசிய துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

ஈரம் உறிஞ்ச, அலமாரிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவைச் சிலர் உளிப் பெட்டிக்குள்ளும் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. அது உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் தண்ணீர் வெறும் தண்ணீரல்ல, உப்புக் கரைசல். டப்பா சாய்ந்தால் ஒரே இரவில் இரும்பை அரித்துவிடும். சின்னச் சாமான்களுக்கு இறுக்கமூடும் டப்பாவும் சிலிகா ஜெல்லும் பாதுகாப்பு. நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்த வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. கட்டையை இரு முனையிலும் பிடிக்கும் டிரைவ் சென்டர், லைவ் சென்டர் இவற்றின் கூம்பு வால்களை முதலில் காப்பாற்றுங்கள். அங்கே துரு பிடித்தால் அவை செருகும் துளையில் சரியாக உட்காராது, வழுக்கி உள்சுவரைக் கீறிவிடும்.

சர்வீஸ் யார்டில் ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது என்று உளிகளை வீட்டுக்குள் உள்ள புகலிட அறையான பாம் ஷெல்டருக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. 1998 மே மாதத்துக்குப் பின் கட்டப்படும் புதிய வீடுகளுக்குப் புகலிடம் கட்டாயம் என்பதால் இப்போது பலரிடம் அந்த அறை இருக்கிறது. சாமான் வைக்கலாம். ஆனால் அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடக் கூடாது, காற்றுத் துவாரத்தை மறைக்கவும் கூடாது. தரையில் நிற்கும் ராக் போதும். வீட்டு வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில் அலமாரி போடும் யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அது தீ நேர்ந்தால் எல்லாரும் தப்பி ஓடும் வழி.

லேத்துக்குக் கீழே உள்ள தட்டு சக், முகத்தட்டு, மணல் மூட்டை போன்ற கனமானவற்றுக்கு. எடை கூடினால் அதிர்வு குறையும். திறந்த டிராயரை அங்கே வைத்தால் சீவல் தொட்டி ஆகிவிடும். சாணைக்கல் நாலு எட்டுக்குள் இருக்கட்டும். தூரத்தில் இருந்தால் மொட்டை உளியை வைத்துக்கொண்டே இழுப்போம். அதன் தீப்பொறி விழும் இடத்தில் சீவல் மூட்டை மட்டும் இருக்கக் கூடாது.

கடைசியாக, லின்சீட் எண்ணெய் தடவிய துணி. அது உலரும்போது தானே சூடேறும். கசக்கி மூலையில் எறிந்தால், யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். அதை உளிவண்டியின் கீழ்த்தட்டில் சீவலோடு சேர்த்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டின்னில் போடுங்கள். குப்பைக் குழாயில் அப்படியே போட்டுவிடாதீர்கள், அது பல வீடுகளுக்கும் பொதுவான குழாய்.