வளைகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகாப்புக்குத் தேதி குறிக்கும்போது "ஜோசியர் எந்த நாள் சொன்னார்?" என்று கேட்காத வீடு இல்லை. "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்கும் வீடு குறைவு. ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று ஒற்றைப்படையில் செய்வது வழக்கம், சரி. ஆனால் வயிற்றில் இரட்டைக் குழந்தை என்றால் ஒன்பதாம் மாதம் வரை காத்திருப்பது தப்புக் கணக்கு. இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடிவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிரஷர் ஏறுகிறது என்று சொல்லியிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஏழாம் மாதத்திலேயே வீட்டோடு, பத்துப் பேரை வைத்து முடிப்பது நல்லது.

தேதி சரியாக அமைந்தாலும் நேரத்தில் கோட்டை விடுகிறோம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முதல் வளையல் ஏறிவிட வேண்டும் என்று பெண்ணை ஆறு மணிக்கே பட்டுப் புடவை கட்டி, ஜடை தைத்து உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் பெரிய மாமாவின் கார் வழியில் நிற்கும், போட்டோகிராபர் லென்ஸ் மாற்றுவார், ஆரத்தித் தட்டைக் காணோம் என்று இரண்டு பேர் தேடுவார்கள். ஏழு மாத வயிற்றோடு மூன்று மணி நேரம் நிமிர்ந்து உட்காருவது விளையாட்டில்லை. காலைத் தொங்கப்போட்டே இருந்தால் பாதம் வீங்கும், இடுப்பு கடுக்கும். மனைப்பலகையில்தான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியும், காலுக்கு ஒரு சின்ன முக்காலியும் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வரட்டும். வீடியோவில் நாற்காலி காலியாகத் தெரிந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் பாத்ரூம். மாடியில் ஹால், கீழே கழிப்பறை, அதுவும் குந்தி உட்காரும் கழிப்பறை என்று இருக்கும் மண்டபங்கள் நம் ஊரில் ஏராளம். கனமான பட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பேர் முன்னால் எழுந்து போக வெட்கப்பட்டு, பல பெண்கள் அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கர்ப்ப காலத்தில் சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நீர்த்தாரைத் தொற்றில் கொண்டுபோய் விடலாம். மண்டபம் பார்க்கப் போகும்போது மேடை அலங்காரத்தை அப்புறம் பார்க்கலாம், கழிப்பறைக் கதவை முதலில் திறந்து பாருங்கள். அன்றைக்குக் கூடவே இருந்து தண்ணீர் கொடுக்கவும், அழைத்துப்போகவும் அக்காவையோ தோழியையோ இதற்கென்றே நியமித்துவிடுங்கள்.

வளையல் வாங்குவதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும். கல்யாணத்தின்போது ரெண்டு நாலு போட்ட கைதானே என்று அதே அளவில் டஜன் கணக்கில் வாங்கி வந்துவிடுவார்கள். கடைசி மாதங்களில் கை லேசாகவாவது உப்பும். கட்டை விரலை உள்ளே மடக்கி, முட்டியை அமுக்கி, சோப்புப் போட்டு ஏற்றப் பார்க்கும்போது கண்ணாடி உடைந்து புறங்கையில் கீறும். உடனே "சகுனம் சரியில்லை" என்று ஒரு குரல் எழும்பும். வளையல் உடைந்ததற்குக் காரணம் சகுனம் இல்லை, அளவு. பத்து நாள் முன்னால் ஒரே ஒரு வளையலைப் போட்டுப் பார்த்து, ரெண்டு ஆறோ ரெண்டு எட்டோ, எது சரியாக இருக்கிறதோ அதைவிட ஒரு அளவு கூட்டியே வாங்குங்கள். அனுபவமுள்ள வளையல்காரம்மா ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. மோதிரத்தை முன்னாலேயே கழற்றி வைத்துவிடட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கையும் முகமும் திடீரென்று வீங்கி, கூடவே தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் அது சாதாரண வீக்கம் இல்லை, பிரஷர் கூடியதன் அறிகுறியாக இருக்கலாம். விழா பாதியில் நின்றாலும் பரவாயில்லை, உடனே ஆஸ்பத்திரி.

சாப்பாட்டுக்கு வருவோம். புளி சாதம், எலுமிச்சை சாதம் தாங்கும். விடியற்காலை நாலு மணிக்குக் கிளறி மூடி வைத்த தேங்காய் சாதம் மதியப் பந்திக்குள் ஊசிப்போகும்; அதைக் கடைசியில் கிளறச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஊட்டிவிடுவது. வருகிற ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல், ஒரு துண்டு மைசூர்பாகு. முப்பது பேர் என்றால் முப்பது வாய். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அப்படிச் சொல்லப்பட்ட பெண்ணிடம் "இன்னைக்கு ஒரு நாள்தானே கண்ணு, வாயைத் திற" என்பது அன்பு இல்லை, தொந்தரவு. பெரியவர்கள் இரண்டு பேர் ஊட்டினால் சடங்கு நிறைந்துவிடும். மற்றவர்கள் சந்தனம் பூசி, அட்சதை போட்டு வாழ்த்தட்டும்.

வாழ்த்துவதிலும் வாய் கவனம் வேண்டும். "வயிறு இறங்கியிருக்கு, பையன்தான்", "குங்குமப்பூ குடிச்சியா, உன் நிறம் வந்துடப் போகுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முதல் குழந்தை பெண்ணாகப் பெற்றவள் அந்தப் பையன் பேச்சை எப்படி வாங்கிக்கொள்வாள் என்று யோசிப்பதில்லை. வயிற்றின் வடிவத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. குங்குமப்பூவுக்கும் தோல் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. இப்போது வெளிநாட்டைப் பார்த்து நீலப் பலூன், இளஞ்சிவப்புப் பலூன் உடைக்கும் ஆசை வேறு. கருவின் பாலினத்தைச் சோதித்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். 2024-இல் ஒரு யூடியூபர் துபாயில் தெரிந்துகொண்டு வந்து வீடியோவில் அறிவித்ததற்கே தமிழகச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது.

என்னைக் கேட்டால், யாரை மேடைக்குக் கூப்பிடுகிறோம் என்பதில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் மோசம். கணவரை இழந்த தாய், தான் பெற்ற மகளுக்கு ஒரு வளையல் போட முடியாமல் சமையல்கட்டு வாசலில் நின்று பார்க்கும் காட்சி இன்னும் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. மேடையில் வைத்துச் சண்டை போட்டு இதை மாற்ற முடியாது. ஒரு வாரம் முன்பே கணவன் தன் வீட்டுப் பெரியவர்களிடம் "முதல் வளையல் அத்தைதான் போடுவாங்க" என்று சொல்லிவிட வேண்டும். மருமகள் சொன்னால் அது வாதமாகும். மகன் சொன்னால் பெரும்பாலும் முணுமுணுப்போடு முடிந்துவிடும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் விஷயத்தில் இரண்டு விதமாகவும் தவறு செய்கிறோம். ஒன்று, கண் பட்டுவிடும் என்று அழைக்காமலே விடுவது. இன்னொன்று, அழைத்து வந்து சபை நடுவில் "நீ வா, இவ பக்கத்துல உக்காரு, அடுத்த வருஷம் உனக்கு" என்று கையைப் பிடித்து இழுத்து வளையல் மாட்டுவது. சிலருக்கு அந்தச் சடங்கில் நம்பிக்கை இருக்கலாம். நாலு வருடமாகச் சிகிச்சைக்கு அலைந்தவளுக்கோ, போன மாதம்தான் கரு கலைந்து அதை யாரிடமும் சொல்லாதவளுக்கோ அது எப்படி இருக்கும்? முன்னாலேயே தனியாகப் போன் செய்து, "வர்றியாம்மா? உட்காரச் சொன்னா உனக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். வந்தால் மற்றவர்களுக்குப் போலவே தாம்பூலம், வளையல். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டாம்.

சீர்த்தட்டு எத்தனை என்று எண்ணிப் பேசுவதை மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிடலாம். முதல் பிரசவச் செலவும் பெரும்பாலும் பெண் வீட்டுத் தலையில்தான் விழப்போகிறது.

விழா முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிற அவசரத்தில் மறந்துபோவது ஆஸ்பத்திரி ஃபைல். பட்டுப் புடவைப் பெட்டி காரில் ஏறும். ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்த வகை அட்டையும் அலமாரியிலேயே கிடக்கும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண் எழுதிய தாய்-சேய் அட்டையைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். ஊர் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில் அங்குள்ள டாக்டரிடம் ஃபைலைக் காட்டிப் பதிவு செய்யுங்கள், வலி வரட்டும் என்று இருக்காதீர்கள். குழந்தை பிறக்கும் வரை வளையலைக் கழற்றக் கூடாது என்று வீட்டில் சொன்னால், பிரசவ அறையில் அதற்கு அனுமதி உண்டா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளலாம்.